நத்தைகளுக்கு லாக்கப் கட்டிய ஹார்பர் அண்ணாத்த

நான் ஒரு முட்டாள். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. என் மனைவி ஏற்கெனவே அப்பார்ட்மெண்ட் முழுக்கச் சொல்லிவிட்டதால் இது ரகசியமும் இல்லை. ஆனால் ஏதோ சாதாரண முட்டாள் என்று என்னைக் குறைத்து எடை போட்டுவிடாதீர்கள். கடையில் காசு கொடுத்து நத்தை வாங்கி வந்து கழனியில் விட்ட முட்டாள் நான்.

நாவலூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்தவர்களுக்கு நாற்பது வயதைத் தாண்டினால் ஏதாவது ஒன்று வரும். சிலருக்குச் சர்க்கரை வரும். எனக்கு விவசாயம் வந்தது. திருப்போரூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தேன். கத்திரி நட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வேலியோரம் அழகாக இருக்கட்டுமே என்று ஈ.சி.ஆர். பக்கம் ஒரு நர்சரியில் வண்டி நிறையப் பூச்செடித் தொட்டிகளை வாங்கி வந்து அடுக்கினேன். முதல் மழைக்கு ஒரு தொட்டியின் அடியிலிருந்து நத்தை ஒன்று தலையை நீட்டியது. உள்ளங்கை அளவு. பழுப்பு ஓட்டில் வரி வரியாகக் கோடு. விவசாயி என்ன செய்திருப்பான்? எடுத்து நசுக்கியிருப்பான். நான் போட்டோ எடுத்து, ‘இயற்கை திரும்பி வருகிறது’ என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். இதயம் இதயமாக வந்து குவிந்தது.

இயற்கை சொன்னபடி திரும்பித்தான் வந்தது. குடும்பத்தோடு வந்தது. என் கத்திரியை ஒரு கை பார்த்துவிட்டு, வேலிக்கு அடியில் புகுந்து பக்கத்துக் கழனிக்குப் போனது. அந்தக் கழனிக்காரர்தான் ஹார்பர் அண்ணாத்த.

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே நத்தையைப் பற்றி அவ்வளவு பேசிய மனிதர், அவ்வளவு தப்பாகப் பேசிய மனிதர், அவ்வளவு மரியாதையாக நத்தையை நடத்திய மனிதர் அவருக்கு முன்னும் இருந்ததில்லை. இனி இருக்கப் போவதும் இல்லை.

ஒரு காலை நேரம் நத்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றார். லுங்கி, தலையில் துண்டு, முகத்தை விடப் பெரிய மீசை.

“நைனா, இது உன்துதான?”

“நத்தைக்கு ஏதுங்க சொந்தக்காரன்?”

“ஸ்டேட்டஸ் வெச்சிகீறியே. எம் பொண்ணு காட்டுச்சி.”

நான் போனைப் பின்பாக்கெட்டில் ஒளித்துக்கொண்டேன்.

பேர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அவர் திருவிடந்தைப் பக்கத்துக் குப்பத்தில், மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் படகில் ஏறினால் வாந்தி எடுக்கிற மீனவர். வீட்டுக்காரர்கள் எலுமிச்சம்பழம் கொடுத்துப் பார்த்தார்கள், மந்திரித்துப் பார்த்தார்கள், கடைசியில் ஒருநாள் கையைக் காலைக் கட்டியே கடலுக்கு ஏற்றிப் போனார்கள். போன அத்தனை பேரும் நனைந்து திரும்பினார்கள். நனைத்ததில் கடல்தண்ணீர் கொஞ்சம்தான். பிறகு சென்னையில் மீன் ஹார்பருக்கு வேலைக்குப் போனார். அங்கே என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் எதைப் பேசினாலும், “நா ஆர்பர்ல இருந்தப்போ” என்றுதான் தொடங்குவார். கேட்கிறவனுக்கு, கப்பலையெல்லாம் இவர்தான் கைகாட்டி நிறுத்தியிருப்பார் போல என்று தோன்றும்.

அவர் மனைவி கன்னியம்மா ஒருநாள் போட்டு உடைத்தார். “அது அங்க ஐஸு ஒடச்சிகினு இருந்துச்சி சார். அதுவும் ஒரு மாசம். கை வெறைச்சிப் போய் ஓடியாந்துடுச்சி.”

கழனி கன்னியம்மாவுடையது, அப்பா வழியில் வந்தது. பாதி அவருக்கு, பாதி அவர் தம்பி ஏழுமலைக்கு. ஏழுமலை பிளாட் புரோக்கர். தன் பாதியைத்தான் எனக்குக் குத்தகைக்கு விட்டிருந்தான். சுற்றிலும் கழனியெல்லாம் கலர் கல் நட்ட மனைகளாகிவிட்டன. இந்த இரண்டு துண்டும் சேர்ந்து கிடைத்தால்தான் வாங்குகிறவன் வாங்குவான். அக்காவை வற்புறுத்திக்கொண்டே இருந்தான். அக்கா ஒருநாள் தீர்ப்புச் சொன்னார்.

“இந்த மழைக்கு கீர கரையேறட்டும். ஏறுச்சின்னா கயினி நம்முது. ஏறலன்னா நீ காட்ற எடத்துல கையெழுத்து. ரெண்டு பேரும் இனிமே எங்காதாண்ட வந்து கத்தக்கூடாது.”

ஹார்பர் அண்ணாத்தைக்கு அந்தக் கழனிதான் எல்லாம். கடல் துரத்திய மனிதனை ஏற்றுக்கொண்ட தரை அது. சிறுகீரை, அரைக்கீரை போட்டு, மருந்தே தெளிக்காமல் வளர்த்து, நாவலூர் அப்பார்ட்மெண்ட்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வாங்குகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்து நடத்தியவன் நான். அந்தக் கீரைக்குள்தான் என் நத்தைகள் நுழைந்தன. ஒருநாள் குரூப்பில் ஒரு அம்மாவின் செய்தி வந்தது: “சார், வெஜ் கேட்டேன். கீரைக்கட்டில் நான்-வெஜ் வந்திருக்கிறது.” கூடவே போட்டோ. குட்டி நத்தை ஒன்று தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தது.

அன்றைக்கே ஹார்பர் அண்ணாத்த போர் அறிவித்தார்.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது: நத்தை என்பது தரைக்கு வந்துவிட்ட மீன். எனவே மீன் பிடிப்பது போலத்தான் பிடிக்க வேண்டும். பொழுது சாய்கிற நேரத்தில் கோணிச் சாக்குகளைத் தண்ணீரில் முக்கிப் பாத்திகளுக்கு நடுவில் விரிப்பார். இது வலை. சாக்குக்கு அடியில் பப்பாளி இலையும் பழத்தோலும். இது இரை. வெயில் ஏறுவதற்குள் வந்து சாக்கைத் தூக்கினால், ஈரத்துக்கு ஒதுங்கிய நத்தைகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போடுவார். குப்பத்தில் மீன் வரவைப் ‘பாடு’ என்பார்கள். அதே கணக்குத்தான் இங்கேயும். “இன்னிக்கி பாடு ஜாஸ்தி நைனா. கொண்டல் காத்து திரும்பிகீது பாரு,” என்பார். எந்தக் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அவருக்கு அது கிழக்கேயிருந்து வருகிற கொண்டல்தான்.

சாக்கு வேலை செய்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதோடு அவர் நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. தகரத்தைத் தட்டினால் நத்தை ஓடும் என்றார். தட்டினார். நத்தைக்குக் காது கிடையாது, கன்னியம்மாவுக்கு உண்டு. அன்று நாஸ்தா கிடைக்கவில்லை. வாத்து வாங்கி விட்டார். அவை குட்டி நத்தைகளை நன்றாகவே தின்றன. பெரிய நத்தையைக் கண்டால் மட்டும் கூட்டமாகப் போய் அதிகாரிகள் மாதிரி சுற்றி நின்று பார்த்துவிட்டுக் கலைந்துவிடும். பாத்தியைச் சுற்றிச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து கோடு போட்டார். காய்ந்திருக்கும்வரை ஒரு நத்தை தாண்டவில்லை. மழை வந்ததும் கோடு கரைந்து வாய்க்காலில் போனது; நத்தைகள் போகவில்லை.

நான் சும்மா இருப்பேனா? உப்பு நத்தையைக் கொல்லும் என்று அவர் வாளியைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, மூட்டை உப்பை என் கத்திரிப் பாத்தியில் அப்படியே தூவினேன். நத்தை சுற்றிக்கொண்டு போனது. கத்திரி செத்தது. அடுத்ததாக யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் பீரைக் கிண்ணத்தில் ஊற்றி மண்ணில் புதைத்தார். நத்தை வாசனைக்கு வந்து விழுமாம். நானும் புதைத்தேன். மறுநாள் காலையில் கிண்ணமெல்லாம் காலி. வரப்பில் ஏழுமலை மல்லாந்து கிடந்தான்.

ஹார்பர் அண்ணாத்த சாக்கைத் தூக்குவது போல அவன் துண்டைத் தூக்கிப் பார்த்தார். “நைனா, உன் வலையில எம் மச்சான் மாட்டிகீறான். இத்த எந்த வாளியில போடறது?”

இதற்கிடையில் அவருக்கு ஒரு சந்தேகம். ஆரம்ப நாட்களில் சில நத்தைகளை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், புதர் மண்டிய காலி மனைகளில் எறிந்திருந்தார். அவையே திரும்பி வருகின்றனவா, இல்லை புதிதா? மகள் செல்வியின் நகப்பாலிஷை எடுத்து வந்து ஓட்டில் சிவப்புப் பொட்டு வைத்து எறிந்தார். சில நாட்களில் பொட்டோடு ஒன்று சாக்குக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. அண்ணாத்த அதை உயரத் தூக்கிப் பிடித்து எனக்குக் காட்டினார். முகத்தில் கோபத்தை விட மரியாதைதான் அதிகம். “ரோட்டத் தாண்டி, வாய்க்காலத் தாண்டி வந்துகீது பாரு. படகு ஓட்ற எங்கண்ணனுக்கே தெரியாது நைனா இந்த வழி.”

செல்வி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். இது இரண்டாவது. முதலாவது ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இந்த முறையும் பிரஷர் இருக்கிறது, ஜாக்கிரதை என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். அவள் நடந்தால் மட்டும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் காலைப் பார்ப்பார்கள்.

ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. கூடவே கந்தசஷ்டி. திருப்போரூர்க்காரர்களுக்கு அந்த ஆறு நாள் எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செல்விக்காகக் கன்னியம்மா விரதம் எடுத்தார். ஹார்பர் அண்ணாத்தயும் எடுத்தார். மீனில்லாமல் சோறே இறங்காத மனிதர், மீன்கூடை ஏறுகிற பஸ்ஸில் கூட ஏறமாட்டேன் என்றார். முதல் நாள் காலையில் நான் போனபோது சாக்கைத் தூக்கி நத்தைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உப்புத் தண்ணீர் வாளியைக் காணோம்.

“வாளி எங்க அண்ணாத்த?”

“எதுக்கு?”

“நத்தையைப் போட.”

“நத்த உசுரு இல்லியா?”

“நேத்து வரைக்கும் போட்டீங்களே!”

“நேத்து நா விரதம் இல்ல.”

சரி, அவர் கொல்ல வேண்டாம், நான் கொல்கிறேன் என்றேன். ஹார்பர் அண்ணாத்த நிமிர்ந்து உட்கார்ந்தார். வக்கீல் கண்ணாடி போடாத குறைதான்.

“யாரு கயினி?”

“உங்களுது.”

“யாரு உப்பு?”

“உங்க உப்பு.”

“அப்போ யாரு பாவம்?”

“நான் வேணா எங்க வீட்டிலேர்ந்து உப்பு கொண்டாரேன்.”

“நீ வூட்டுக்குப் போ நைனா. அங்கியே இரு.”

ஒரு நீல டிரம்மைக் கொண்டுவந்து கழனி நடுவில் வைத்தார். அதுதான் லாக்கப். பிடிபடுகிற நத்தைகளை ஆறு நாளும் அதில் அடைத்து வைப்பது, சூரசம்ஹாரம் முடிந்து விரதம் விட்டதும் தண்டனையை நிறைவேற்றுவது என்று திட்டம். மூடி போட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும், விரதம் கெட்டுவிடும் என்பதால் அடியில் மழைத்தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, பழைய மீன்வலையை இரண்டாக மடித்து வாயைக் கட்டினார். முடிச்சு மட்டும் குப்பத்து முடிச்சு. “கப்பலே கட்லாம் இதுல. ஆர்பர்ல—”

“ஐஸ்தான ஒடச்ச?” என்றார் கன்னியம்மா.

அன்று சாயங்காலம் அடுத்த பிரச்சினை கிளம்பியது. பட்டினி கிடந்து நத்தை செத்தாலும் விரதம் கெடும். கைதிகளுக்குச் சாப்பாடு போட வேண்டும். அண்ணாத்த பப்பாளி இலையைக் கிழித்து உள்ளே போட்டார். போதவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். ஒரு கட்டு அரைக்கீரையை அறுத்துப் போட்டார். கன்னியம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

“ஏன்யா, கீரையத் துன்ன நத்தைக்கு கீரையே அறுத்துப் போடறியே, அது கயினியிலயே துன்னுகினு இருந்துருக்குமே! உன் கைக்கு எதுக்கு வலி?”

“கைதிக்கு சோறு போடணும்மே. ஜெயில்ல போடல?”

“அப்போ சாயந்திரம் டீயும் குடு!”

நான் சிரித்த சிரிப்பில் வரப்பிலிருந்து சேற்றில் விழுந்தேன். இப்போது நினைத்தால் அவ்வளவு சிரித்திருக்க வேண்டாம் என்று இருக்கிறது.

டிரம் நிறைய ஆரம்பித்தது. மழை நிற்கவில்லை. மழை பெய்யப் பெய்ய, பிடிபடாத நத்தைகளும் பெருகின. நடுவில் ஒருநாள் ஏழுமலை ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். கையில் நத்தை மருந்துப் பாக்கெட்.

“மாமா, ஒரு கை தூவு. காலைல மொத்தமும் காலி.”

எனக்கு ஆச்சரியம். “ஏழுமலை, கீரை அழிஞ்சாதான உனக்கு லாபம்?” என்று கேட்டேன்.

“லாபம்தான் சார். அதுக்காக எங்கக்கா குந்திகினு அழுவறத நா பாக்கணுமா?” என்றான்.

அண்ணாத்த பாக்கெட்டைத் தொடவில்லை. “வாத்து துன்னும்.”

“வாத்த புடிச்சி அடை.”

“கீர வாங்கறவங்களுக்கு மருந்தில்லன்னு சொல்லிகீறோம்.”

“யாருக்குத் தெரியும் மாமா?”

ஹார்பர் அண்ணாத்த துண்டை எடுத்து முகத்து மழையைத் துடைத்துக்கொண்டு, ஹார்பரை இழுக்காமல் அவர் பேசி நான் கேட்ட முதல் பேச்சைப் பேசினார்.

“எம் பொண்ணு மாசமா கீறா மச்சான். இந்த ஆறு நாளு என் கயினியில ஒண்ணியும் சாவக்கூடாது. அவ்ளோதான்.”

ஏழுமலை பாக்கெட்டைத் திரும்ப ஸ்கூட்டர் பெட்டியில் வைத்து மூடினான்.

ஆறாம் நாள். சூரசம்ஹாரக் கூட்டத்தில் நனைந்துகொண்டு நின்றோம். சூரன் தலை விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் கன்னியம்மாவுக்குப் போன். செல்விக்கு வலி கண்டுவிட்டது. என் காரில்தான் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் தண்ணீர். முன் சீட்டில் அண்ணாத்த, கடலில் போகிறவர் போல வாயை இறுக்கி மூடிக்கொண்டு வந்தார். வாந்தி எடுக்கவில்லை. அவர் அப்படி அடக்கி நான் பார்த்ததில்லை.

பொழுது விடிந்து பெண் குழந்தை பிறந்தது. தாயும் நலம், பிள்ளையும் நலம். அண்ணாத்த ஆஸ்பத்திரி வராந்தாவில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்து, “நா ஆர்பர்ல இருந்தப்போ” என்று ஆரம்பித்தார். குழந்தைக்கும் ஹார்பருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மழை அன்றும் விடவில்லை. அதற்கு அடுத்த நாள் மதியம்தான் அவரைக் கழனிக்கு அழைத்து வந்தேன். வழியில் கடையில் நிறுத்தச் சொல்லி ஒரு மூட்டைக் கல் உப்பு வாங்கிக்கொண்டார். “விரதம் முடிஞ்சிச்சி. இன்னிக்கி எல்லாருக்கும் தீர்ப்பு,” என்றார். கைதிகளிடம் என்னென்ன பேசப் போகிறார் என்று நடித்துக் காட்டிக்கொண்டே வந்தார். நான் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தேன்.

டிரம் கழனி நடுவில் இல்லை. வெள்ளம் அதை உருட்டிக் கீரைப் பாத்திக்குள் சாய்த்திருந்தது. முடிச்சு அவிழவில்லை, அதைச் சொல்ல வேண்டும். முடிச்சு முடிச்சாகவே இருந்தது. வலைதான் டிரம் விளிம்பில் உராய்ந்து கிழிந்திருந்தது. ஆறு நாள் சேர்த்து வைத்து, அரைக்கீரை போட்டு வளர்த்த அத்தனை நத்தைகளும் ஒரே நேரத்தில் விடுதலையாகி, கேட்க ஆளில்லாத இடத்தில் மேய்ந்திருந்தன. பாத்தி பாத்தியாகத் தண்டு மட்டும் நின்றது. கொழுந்து என்று சொல்ல ஒன்று இல்லை.

அண்ணாத்த உப்பு மூட்டையைத் தோளில் இருந்து இறக்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னிக்கி பாடு ஜாஸ்தி நைனா,” என்றார்.

என் வாழ்நாளில் அவர் சொன்ன ஜோக்குக்கு நான் சிரிக்காமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

கன்னியம்மா சொன்ன சொல் தவறாதவர். தம்பி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஏழுமலை பேனாவைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். இப்போது அங்கே கலர் கல்லும் தோரணமும் இருக்கின்றன. ஒருவரும் வீடு கட்டவில்லை. புதர் மண்டிக் கிடக்கிறது. நத்தைகளுக்கு ஒரு குறையும் இல்லை. சாக்கை விரிக்க ஆளில்லை, சுண்ணாம்புக் கோடு போட ஆளில்லை. ஊரில் யாராவது நத்தைத் தொல்லை என்று புலம்பினால் நான் ஹார்பர் அண்ணாத்த செய்ததையெல்லாம் நடித்துக் காட்டுவேன். தகரம் தட்டியது, பொட்டு வைத்தது, கைதிக்குச் சோறு போட்டது. எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். டிரம் உருண்டது வரை மட்டும் சொல்லமாட்டேன். அதற்கு முன்னாலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

ஆறு நாளும் தினம் காலையில் போனவன் நான். அந்த டிரம்மை மேட்டில் ஏற்றி வைக்கலாம் என்று அத்தனை படித்த மண்டைக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவருக்கு விரதம், கவலை, மகள். எனக்கு என்ன? சிரிப்பைத் தவிர வேறு வேலையே இல்லை.

போன மாதம் திருப்போரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் அவரைப் பார்த்தேன். மீசை வெளுத்திருந்தது. இப்போது ஒரு பழக்கடையில் வேலை. மடியில் பேத்தி, அந்த மீசையைக் கடிவாளம் மாதிரி பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நலம் விசாரித்தோம். காற்றைப் பற்றிப் பேசினோம். கொண்டல்தானாம். இவ்வளவு நாள் கேட்காமல் வைத்திருந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

“அண்ணாத்த, தப்பா நினைக்காதீங்க. ஒரே ஒரு நாள் விரதத்தைப் பார்க்காம அந்த டிரம்முல உப்பைக் கொட்டியிருந்தா...”

அவர் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்தார். சூடு ஆற ஊதினார். குழந்தையின் வாயில் வைத்து, அது மென்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

“கீர பொழச்சிருக்கும்.”